அம்மாவின் தெருவில் விழுந்த கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே கொலம்பஸில், எங்கள் கட்சி ஜெயிக்கிற மாதிரி தொகுதி எல்லைகளை மாற்றி வரைகிறேன். எனக்குப் பேராசிரியர் பதவி தராமல் விரட்டினார்களே, அந்தப் புவியியல் படிப்பு இதற்குத்தான் உதவுகிறது. நேற்று வரைபடத்தில் நம் தெரு வந்தது.

"பூரா எதிர்க்கட்சி ஓட்டு, ப்ரொபசர்! ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தொகுதியில தள்ளுங்க," என்றார் மேலாளர் பிரூயிட்.

"அங்கதான் எங்க அம்மா வீடு இருக்கு."

"அப்போ அம்மாவையும் சேத்துத் தள்ளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வரைந்துவிட்டேன். அதிலிருந்து உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

இனி வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு ஓட்டு இருக்காது; ஓட்டுப் போட ஆற்றைத் தாண்டிப் பன்னிரண்டு மைல் போகவேண்டும். பக்கத்து வீட்டு லோர்னாவின் காரில் போங்கள். அண்ணன் வாரனைக் கேட்காதீர்கள், நான் செய்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். என் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள்.

எங்களுக்கு எதிராகத்தான் போடுவீர்கள், தெரியும். இருந்தாலும் கட்டாயம் போங்கள், அம்மா.

டக்ளஸ்