வாசித்தவர் ஒருவர்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ எழுதினால்தானே தெரிய.

ஒரு புதிர். அம்மாவின் வலைப்பூவை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பதிவுக்கும் நாலைந்து பேர். நம் ஆட்கள். 'தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள்' என்ற பதிவுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். பாசி, பிரஷ், அப்பாவின் முட்டி வலி. அதில் வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜனங்களுக்கு என்ன பிடிக்குதுன்னு பார்த்து எழுதணும்டி" என்கிறாள். அடுத்த வாரம் ஒழுகும் குழாய். அதற்கடுத்த வாரம் வடிகட்டி.

உறுத்துவது வேறு. போன மாதம் அவள் இன்னொன்றைத் தொடங்கியிருந்தாள். நாம் பள்ளியில் படித்தபோது எட்டு மாதம் வீட்டை விட்டுப் போயிருந்தாளே, அதை. ஓர் அச்சகத்தின் மாடியில் அறை எடுத்ததோடு முதல் பகுதி நிற்கிறது. அதை வாசித்தவர் ஒருவர். "ஒருத்தருக்காக எதுக்கு உட்கார்ந்து எழுதணும்" என்று விட்டுவிட்டாள்.

நம்மிடம் ஒருபோதும் சொல்லாத கதை, அக்கா. தொட்டிக்குள் போய்விட்டது.

யார் அந்த ஆயிரம் பேர்?

உன்
குட்டி

மார்ச் 6

குட்டிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"பாவம், யாருமே படிக்கலேன்னு அத்தை வருத்தப்பட்டாங்கல்ல..."

அலுவலகக் கணினி ஒன்றை, அந்தப் பக்கத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகத் திறக்கும்படி செய்துவைத்திருக்கிறார். கையில் ஒரே ஒரு பதிவின் சுட்டிதான் இருந்ததாம். தொட்டி. நல்லது செய்கிறேன் என்று காரியத்தைக் கெடுப்பதில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அந்த ஒருவர் நான் இல்லை. நீ சுட்டி அனுப்பினாய், திறக்கவில்லை. அம்மா ஏன் போனாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தெரிந்துவிடுமோ என்று பயம்.

நீதானே அது?

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நான் இல்லை. என் கணினியில் திறந்தால் கணக்கில் சேராது. அம்மா எழுதுவதும் அதே கணினியில்தான், எழுதுகிறவரின் பார்வையை வலைப்பூ எண்ணாது.

புள்ளிவிவரப் பக்கத்தில் தொட்டிப் பதிவின் கோடு சரிந்து தரையில் விழுந்தது. "எல்லாரும் எங்கடி போயிட்டாங்க?" என்று அம்மா கேட்டாள். உண்மையைச் சொன்னேன். "மாப்பிள்ளைக்கு வேற வேலை இல்லையா" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பிறகு கணினியை மூடினாள். இனி எழுதப்போவதில்லை என்றாள். நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று மாலை அப்பா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் கை, மடிப்பு பிசகாது. அம்மா எதிரே நின்று எடுத்துக் கொடுத்தாள். தலை நிமிராமல் அப்பா கேட்டார்:

"கீழ அவ்வளவு மெஷின் ஓடியிருக்கே. தூக்கம் வந்துச்சா உனக்கு?"

அச்சகத்தைப் பற்றி அம்மா யாரிடமும் வாய்திறந்ததில்லை. அது அந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா ஒரு தலையணை உறையைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஃபோன்ல படிச்சீங்களா?"

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு."

"குடுங்க. பெருசாக்கித் தரேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் போனாய் என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

இன்று காலை இரண்டாம் பகுதியை எழுதி முடித்தாள். முதல் வரியே, "இல்லை, முதல் மாதம் தூக்கம் வரவில்லை." மதியம் பதிவேற்றினேன். எல்லோருக்கும் சுட்டி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "என்ன அவசரம்" என்றாள்.

அப்பா ஃபோனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைக் கழுவுகிறாள். புள்ளிவிவரப் பக்கம் என் எதிரே திறந்திருக்கிறது. ஒன்று.

உனக்கான சுட்டி கீழே. பயமாக இருந்தாலும் படி, அக்கா. ஆனால் இன்றைக்குத் திறக்காதே.

உன்
குட்டி