நாலாவது போல்ட்

அன்புள்ள பொடிசுக்கு,

உன் அப்பா உன்னைக் கூப்பிடுகிற பெயரையே நானும் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அன்று நான் உன்னிடம் சொல்லாதது இது: உன் அப்பாவுக்குக் காது போய்விட்டது. கொஞ்சம் மந்தம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், அப்படி இல்லை. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும், மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், போனில் ஒன்றுமே கேட்காது. நீ வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடுகிறேன் என்று போனில் அழுதுகொண்டே சொன்ன அன்றைக்கு அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தாரே, நீ ஏழு மாதம் பேசாமல் இருந்தாயே, அன்று அவருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாங்கிய சத்தியம் அது, இப்போது உடைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் உடைத்தேன். தயவுசெய்து கடைசி வரை படி. நான் போட்ட இரண்டு மெசேஜையும் நீ திறக்கவே இல்லை, காகிதம் என்றால் உறையைக் கிழிக்கவாவது செய்வாய் என்று எழுதுகிறேன்.

இருபத்தேழு வருஷம் தகடு அடிக்கிற பட்டறையில் நின்ற மனிதர், காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. கிரைண்டர் பிடித்துப் பிடித்து விரல்களும் மரத்துவிட்டன, சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார். பட்டறையில் பரிசோதனை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உன்னிடம் ஓய்வு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால், முதலில் வண்டி முடியட்டும் என்பார். போன மாதம் தெருவில் நடந்து போகும்போது பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் ஓட்டுநர் இறங்கி வந்து இவர் தோளைத் தட்டினார். "ஏன்யா, சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலியா" என்று கேட்டாராம். அதைக்கூட அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் நான் கூடப் போகிறேன், அவருடைய இடது கைச் சட்டையைப் பிடித்துக்கொள்வேன், இழுத்தால் நில் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் தவளையைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ கல்லூரியில் படிக்கும்போது நீங்கள் இருவரும் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்த அந்த ரெண்டு சீட் கார், விளக்கைப் போட்டால் கண் மேலே எழும்புவதால் நீ வைத்த பெயர், இப்போது ஓடுகிறது. நீ என்றைக்காவது வருவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியாக மிச்சம் இருந்தது பின்பக்கத்து காலர். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். பின்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புச் சட்டம், சப்ஃப்ரேம் என்கிறீர்களே, அது வண்டியின் உடம்போடு நாலு பெரிய போல்ட்டில் மாட்டியிருக்கிறது. போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிது, அந்தச் சந்தில் சட்டம் நகர்கிறது, வளைவில் திரும்பும்போது பின்பக்கம் ஒரு மூச்சு தாமதமாக வருகிறது. அந்தச் சந்தை அடைக்கிற, மோதிரம் மாதிரி அலுமினிய வளையங்கள்தான் காலர், போல்ட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை நாலு ஸ்டாண்டின் மேல் ஏற்றிவிட்டார், சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கினார், ஒரு சமயத்தில் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, விரலளவு இறக்கி, வளையத்துக்கு கிரீஸ் தடவி உள்ளே தள்ளி, போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து விளக்கைப் பிடித்தேன், அவர் கேட்காமலே சாமானை எடுத்துக் கொடுத்தேன், அவர் உதட்டைப் பார்க்க வசதியாக முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலைப்பொழுது அதிகம் இருந்ததில்லை.

கடைசி வேலை இறுக்குவது. டார்க் ரெஞ்ச்சில் அளவை வைத்துத் திருகினால், போதுமான இறுக்கம் வந்ததும் அது டிக் என்று சொல்லும், கையிலும் ஒரு சின்ன உதறல் தெரியும். அவருக்கு டிக்கும் கேட்காது, உதறலும் தெரியாது. அதனால் டிக் என்றதும் நான் அவர் காலைத் தட்டி "போதும்" என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இதையும் ஒரு வேடிக்கையாக்கினார், "ரெஞ்ச் டிக்குங்கும், பொண்டாட்டி போதும்பா, ரெண்டையும் கேட்டவன் பொழச்சான்" என்றார். ஒவ்வொன்றும் இறுகியதும் மறக்காமல் இருக்க ஒரு பச்சைப் புள்ளி வைத்தார், நீ அறையில் விட்டுப்போன நெயில் பாலிஷ். மூன்று டிக், மூன்று போதும், மூன்று புள்ளி. நாலாவதில் அவர் திருகிக்கொண்டிருக்கும்போது இரும்புப் பெட்டியின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது, திரும்பிப் பார்த்தேன், வீடியோ அழைப்பு, உன் படம். ஏழு மாதம் கழித்து. என் கை அவர் காலைத் தட்டியது, என் வாய் போதும் என்றது. டிக் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்று சத்தியமாகச் சொல்ல முடியாது, வந்தது என்றும் சொல்ல முடியாது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பிழை எப்படித் தப்பிக்கிறது என்று எனக்குத் தெரியும், இருப்பதைப் படிக்காமல் இருக்க வேண்டியதைப் படித்தால் தப்பிக்கும். அந்த இடத்தில் ஒரு டிக் இருந்திருக்க வேண்டும், அதைத்தான் நான் கேட்டேன்.

அந்த நொடியே சொல்லியிருக்கலாம். அவர் புள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தார், போனில் உன் முகத்தைப் பார்த்தார், கிரீஸ் கையோடு அப்படியே வாங்கிக்கொண்டார். நீ டிக்கெட் போட்டுவிட்டேன், அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னதை நான் அவருக்கு உதட்டால் திருப்பிச் சொன்னேன், அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தவளையிலேயே விமான நிலையத்துக்கு வந்து உன்னை அழைத்துப் போவதாக உன்னிடம் சொன்னார், நீயும் ஓவென்று கத்தினாய், அதை மட்டும் அவரால் பார்க்க முடிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வண்டியை இறக்கி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனார். "பாத்தியா, தண்டவாளத்துல போற மாதிரி இல்ல?" என்றார். ரயில்வே கேட் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும்போது எனக்குப் பின்னால், வலது பக்கத்தில், மரப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும். அவர் வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார், "எதாவது சத்தம் வருதா, நல்லா கேட்டுச் சொல்லு, எனக்கு நீதான்." நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று நீ கேட்பாய். நாலு நாளாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பேச்சை நம்பித் தெருவில் நடக்கிற ஒரு மனிதரிடம், காலையிலேயே உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது, அடுத்த தரம் சட்டையைப் பிடித்து இழுத்தால் அவர் எதை நம்பி நிற்பார்?

இந்த நாலு நாளில் மூன்று தரம் சொல்லப் போனேன். இந்த வீட்டில் இப்போது எதையும் ரகசியமாகச் சொல்ல முடியாது பொடிசு, மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, நீளமான பேச்சு உதட்டை மட்டும் பார்த்தால் பிடிபடாது, கத்தினால் தெருவுக்கே கேட்கும். நான் யாரிடமும் என்னைப் பற்றி எதுவும் சொல்லிப் பழகாதவள், என் தப்பை மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி எப்படிக் கத்திச் சொல்வேன்? எழுதிக் காட்டலாம் என்றால், ஆரம்பத்தில் ஒரு தரம் எழுதிக் காட்டியதற்கே காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நானே இறுக்கிவிடலாம் என்று அவர் தூங்கும் மத்தியானத்தில் கொட்டகைக்குப் போனேன், ஜாக்கியை எந்த இடத்தில் கொடுப்பது என்று தெரியவில்லை, தெரியாமல் கொடுத்தால் வண்டி என் மேலேயே உட்கார்ந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. தரையில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். நாலாவதிலும் பச்சைப் புள்ளி இருக்கிறது, மற்ற மூன்றைப் போலவே, ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை விடியும்போது அவர் கிளம்பிவிடுவார். நாலு மணி நேரப் பாதை, அதில் ஒரு மணி நேரம் மலை ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும். வரும்போது நீயும் அதில் இருப்பாய். பின்னால் டொக் டொக் என்று அது அடித்துக்கொண்டே இருந்தாலும் அவருக்குத் தெரியாது, நீ சொன்னால்தான் உண்டு, நீ ஏழு மாதப் பேச்சைப் பேசிக்கொண்டு வருவாய், கவனிக்க மாட்டாய். அச்சகத்தில் நேற்று ஒரு பக்கத்தை ஆறு தரம் படித்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்கு வீடியோவில் கூப்பிடு, உன் முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசு, வண்டியை எடுக்க வேண்டாம், நான் வந்து நானே நாலையும் பார்க்கிறேன் என்று சொல். நீ சொன்னால் கேட்பார். என் பெயரைச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. நானும் அதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன், ஆனால் என்னை நம்பி நீ இருந்துவிடாதே, நான் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தவள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உன் அறையில் இருந்த டயர்களை எடுத்துவிட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், ரப்பர் வாடை போய்விடும். குழாய் இப்போது ஒழுகுவதில்லை. பல் வலி என்றாயே, கிளம்புவதற்கு முன் காட்டிவிடு, விமானத்தில் வலித்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் கண் விழிக்காதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டாவது நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, வலது பக்கம், பின்னால் இருப்பது.

என்ன பெயர் போட்டுக் கையெழுத்திடுவது என்று நாமிருவரும் இரண்டு வருஷமாக முடிவு செய்யவில்லை. தன்னைவிட எட்டு வயதே மூத்தவளை அம்மா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கீழே போட்டிருப்பது பிடிக்காவிட்டால் அடித்துவிடு.

உன் சித்தி

பி.கு. உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று காலை சொல்லிவிட்டேன். கொட்டகையில் நின்று மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரருடைய மிஷின் நின்றுபோனது. அப்பா "எத்தனாவது?" என்று மட்டும் கேட்டார், நாலு விரலைக் காட்டினேன். வண்டியைத் தூக்கினார். விளக்கை எடுத்துக்கொண்டு நான் உட்காரப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மதிலுக்கு மேலே எட்டித் தையல்காரரைக் கூப்பிட்டார். நாலாவது போல்ட் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பிய பிறகுதான் டிக் என்றது, வாசலில் நின்ற எனக்கே கேட்டது. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், மூன்றும் தொட்டதுமே டிக் என்றன, தையல்காரர் மூன்று தரமும் போதும் என்றார். பழைய புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக நாலு வைத்தார். வண்டி இப்போது சரியாக இருக்கிறது, நீ பயப்படாமல் ஏறலாம். மற்றதெல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். சாயங்காலம் சோப்பு வாங்க வேண்டியிருந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் தெருவில் இறங்கி, கடைக்குத் தனியாகப் போய், தனியாகத் திரும்பி வந்தார்.