ஒன்பதடி வாசல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்துக்கே பதில் இல்லை. கோபமா, சோம்பலா?

நம் தீயணைப்பு நிலையத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நிலைய அதிகாரியின் மகளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு! பழைய வரைபடம் கிடைத்தது. கீழே குதிரைக் கொட்டடி, மேலே நாம் வளர்ந்த வீடு, பின்னால் நனைந்த கான்வாஸ் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கோபுரம். செங்கல் வளைவு வாசல்தான் இப்போது இல்லை. பஞ்சுக் கிடங்கு எரிந்த அன்று நீ ஓட்டிய தீயணைப்பு வண்டி அதில் சிக்கிக்கொண்டது, குதிரை வண்டிக்குக் கட்டிய வாசல் போதவில்லை என்று அப்பா அறிக்கை எழுதியதும் இடித்துவிட்டார்களே.

அந்தத் தீயில் கிடங்குக் காவலாளி இறந்ததை எழுதும்போது ஒரு சந்தேகம். வரைபடத்தில் வாசல் ஒன்பதடி. காட்சிக்கு வைத்திருக்கும் உன் வண்டியை டேப் பிடித்து அளந்தேன், ஏழடிதான். தப்பாக அளந்தேனா?

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

சரியாகத்தான் அளந்திருக்கிறாய். வண்டி சிக்கவில்லை. அதில் நான் இல்லை.

பணி நேரத்தில் பின்சுவர் ஏறிக் குதித்து, பள்ளி மைதானத்தில் பந்தாடப் போயிருந்தேன். மணி கேட்டது. "ஒத்திகையாத்தான் இருக்கும், நீ பந்தைப் போடு" என்றேன். புகையைப் பார்த்த பிறகுதான் ஓடினேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பதின்மூன்று நிமிடம் போய்விட்டது.

அன்று மாலை அவரே, வண்டி இடித்ததுபோலத் தெரியட்டும் என்று, கடப்பாரையால் வளைவின் ஓரத்தில் நாலு செங்கலைப் பெயர்த்தார். "வாயைத் திறக்காதே. போனவன் போயிட்டான், நீயாவது இரு" என்றார். ஆள் வைக்காமல் தானே வெள்ளையடித்துப் பார்த்துக்கொண்ட வாசல். அதை இடித்த அன்று அவர் மாடியிலிருந்து இறங்கவேயில்லை.

காவலாளியின் மகள் உன்னோடு படித்தவள். அவள் முகத்தில் விழிக்கப் பயந்துதான் ஊரைவிட்டே வந்தேன். மலரில் என்ன எழுதுவது என்று நீயே முடிவுசெய்.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதத்தை ஒரு வாரம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். ஊரெல்லாம் அப்பாவின் நேர்மையைப் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். அறிக்கையில் உள்ளபடியே எழுதிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணத்துக்கே கூசிப்போனேன்.

நேற்று காவலாளி மகளின் தையல் கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உன் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த வாசலைத்தான் திட்டினா," என்றாள். "இடிச்சதுக்கப்புறமும் திட்டினா. கல்லைத் திட்டி யாருக்கு மனசு ஆறும்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. உன் முகவரியைக் கேட்டாள். எதற்கென்று கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் உன்னைப் பார்க்க வருகிறாள். வீட்டில் இரு, அண்ணா.

தங்கை