சாஹித்யாவின் சம்மதம்

காஞ்சன்பாக், ஹைதராபாத்
பிப்ரவரி 16

அன்புள்ள வித்யாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ தார் எஸ் சலாமில் நலமாக இருப்பதை உன் பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். சாஹித்யாவின் பாஸ்போர்ட்டுக்காக நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய சம்மதப் படிவம் போன வாரம் கூரியரில் வந்தது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

ஒரே வருடம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்றாய். நானும் லீவு போட்டுவிட்டு ஏர்போர்ட் வரை வந்து வழியனுப்பினேன். இரண்டாம் வருடத்துக்கும் நீ ஒப்புக்கொண்டதை எனக்குச் சொன்னது அந்த இணையப் பக்கம்தான். உன் படத்தைப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டதாக நடிக்கவும் எனக்கு வராது. நீயோ அதற்கு மறுநாள், டீச்சர் பிள்ளைக்கு அதே பள்ளியில் இடம் தருவார்கள், குழந்தையை இங்கே அனுப்புங்கள் என்று எழுதுகிறாய்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். என் அக்கா கனகவல்லி வந்த பிறகு வீடு வீடாக இருக்கிறது. காலையில் இரண்டு சடை பின்னிக்கொண்டு நிற்க அக்காவுக்கு நேரமில்லை. அதனால் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டோம். ஆடுகிற பெண்ணுக்கு முடி வேண்டுமே என்பாய். அவளுடைய டான்ஸ் வகுப்பைத் தீபாவளியோடு நிறுத்தியாயிற்று. பிறந்தநாளுக்கு நீ தைத்து அனுப்பிய டான்ஸ் உடை அவளுக்குத் தோளில் ஏறவில்லை. ஊரார் பிள்ளைகள் முப்பது பேருக்கு அளவெடுப்பவளுக்கு, தன் பிள்ளையும் வளருவாள் என்பது மறந்துபோயிற்று. வேலைக்கு வரும் ஜுலைகாவின் பெண்ணுக்கு அது கச்சிதமாக இருந்தது.

நீ போன் செய்யும் ஆறரை மணிக்கு அவளுக்கு அபாகஸ் வகுப்பு. நான் வேண்டுமென்றே அந்த நேரத்தில் சேர்த்தேன் என்று லோத்குண்டாவில் உன் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர் நினைப்பது சரிதான் என்று வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு நஷ்டமுமில்லை.

ஒன்றுதான் தொல்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடவு செய்கிறாள். தட்டுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று கீழ்வீட்டு தேவராஜ் இரண்டு முறை மேலே வந்துவிட்டார். கண்டித்து வைத்திருக்கிறேன். இப்போது கால் தூக்குகிறாளே தவிர சத்தம் வருவதில்லை.

உன் பள்ளி ஆண்டுவிழா வீடியோவை அனுப்பியிருந்தாயே, அதை அவளுக்குக் காட்டினேன். மேடைக்குப் பக்கத்தில் நீ மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் காலில் சலங்கை கட்டிவிடும் இடம் வந்தது. கட்டி முடித்து அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கிறாய். அங்கே நிறுத்தச் சொல்லி, அது யார் என்று சாஹித்யா கேட்டாள். அம்மாவுடைய புதுப் பெண் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் திருத்தப் போகவில்லை.

இத்தனைக்கும் நான் அநியாயக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிபன் ஆனதும் உன் படிவத்தை அவள் முன்னால் வைத்து, அப்பா இதில் கையெழுத்துப் போட்டால் நீ அம்மாவிடம் போய்விடலாம், போடட்டுமா என்று நேராகவே கேட்டேன். எட்டு வயது, புரியாத வயதில்லை. "அங்க அம்மாக்கு வேற பொண்ணு இருக்குல்ல டாடி, நான் எதுக்கு?" என்றாள்.

அப்படியானால் நீயே எழுதிக் கொடு என்று பென்சிலைக் கொடுத்தேன். தமிழ் எழுத வராதே, பள்ளியில் படிக்கும் தெலுங்கில் ‘வத்து’ என்று எழுதினாள். வேண்டாம் என்று அர்த்தம் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதிவிட்டு, இதை அம்மா பார்ப்பாங்களா என்று கேட்டாள். பார்ப்பாள் என்றேன். உடனே ரப்பர் கேட்டாள். எழுத்தில் ஏதாவது தப்போ என்று பார்த்தேன். தப்பில்லை. ரப்பர் வேண்டாம் என்று சொல்லி, பேனாவைக் கொடுத்து அதன் மேலேயே எழுத வைத்தேன். முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். காகிதம் ஓரிடத்தில் நனைந்து ஊறியிருக்கும். படிக்க முடியாத அளவுக்கு இல்லை.

என் கையெழுத்து வரவேண்டிய இடத்தில்தான் எழுதியிருக்கிறாள். பத்திரமாக வைத்துக்கொள்.

மே மாதம் வருவதாக இருந்தால் லோத்குண்டாவில் உன் அப்பா வீட்டில் இறங்கிக்கொள். சாஹித்யா வருகிறேன் என்று சொன்னால் ஒரு நாள் அழைத்து வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை நம்பி வந்திருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிடாதே. அம்மா மாதிரி ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்களாவது நினைத்துக்கொள்ளட்டும்.

உன் நலம் நாடும்,
ஜெகதீஸ்வரன்