அம்மாவின் கல்லில் என் குண்டு எழுத்து

ஸ்வென்போர்,
9 மே 1994

அன்புள்ள மகள் லிஸ்பெத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உலகத்தின் அந்தக் கோடியில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். வெலிங்டனில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். இங்கே பச்சை முள் மீன் வந்துவிட்டது, உன் சித்தி யெர்டா வறுத்துக் கொண்டுவந்தாள், வீடு நாறுகிறது என்று ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டுவிட்டுப் போனாள். ஜூனில் வருகிறேன் என்று நீ எழுதியது கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான், எனக்கோ பயம்தான் வந்தது. அம்மாவின் கல்லறைக் கல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டாய், கேமரா கெட்டுவிட்டது என்றேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நீ நேரில் பார்த்து மனம் உடைவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பெயரைப் 'பொல்லெ'யில் வெட்டவைத்தேன்.

ஆமாம், உருண்டை ரொட்டியின் பெயரைச் சூட்டி அச்சுக்காக நான் வரைந்த அதே குண்டு எழுத்துதான். எங்கேயும் கூர் கிடையாது, முனையெல்லாம் உருட்டி, மாவு உப்பியது போல, எழுத்துகளின் வயிற்றில் இருக்கும் ஓட்டையைக்கூடக் கடுகளவாகச் சுருக்கி வரைந்தேன். ஐஸ்கிரீம் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் குழந்தைச் சோப்புக்கும் பொருந்தும், துக்கத்துக்கு ஆகவே ஆகாது என்று மாணவர்களுக்கு நானே முப்பது வருஷம் சொன்னவன். கல் வெட்டும் ஓலுஃபும் படித்துப் படித்துச் சொன்னான், "தோர்கில், இது ஐஸ் விக்கிற எழுத்துய்யா, செத்தவங்களுக்கு வேணாம்" என்று. "என் எழுத்து, என் பெண்டாட்டி, நீ உளியப் பிடி" என்று எகிறினேன். கல் நட்ட அன்று யெர்டா பார்த்துவிட்டு, "ஏன் அத்தான், என் அக்கா எத்தனை உருண்டை, என்ன ருசி?" என்று ஐஸ்கிரீம் விற்பவளிடம் கேட்பது போலக் கேட்டுச் சிரித்தாள், பிறகு வேலிக்குப் பின்னால் போய் அழுதாள். டாக்மார் என்ற அம்மாவின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் நாலு எழுத்துக்கு வயிறு உண்டு. நாலும் பாசி பிடித்து அடைந்துவிட்டன, இப்போது பெயரே வாசிக்க முடியவில்லை.

இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்து, "என் பேர மெலிசா, சின்னதா வெட்டச் சொல்லுங்க, பக்கத்துல வந்து குனியிறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்த வருஷம்தான் ஐஸ்கிரீம் கம்பெனி தன் டப்பாக்களிலிருந்து என் எழுத்தைத் தூக்கிப்போட்டது. டப்பா குப்பைக்குப் போகும், கல் நிற்கும் என்று புத்தி போயிற்று. உன் அம்மாவின் சாவை எனக்கு விளம்பரப் பலகை ஆக்கிக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது, லிஸ்பெத்.

போன வாரம் ஓலுஃபைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்து அவ்வளவு ஆழம், இழைத்து எடுத்தால் கல்லே மிஞ்சாது, திருப்பி நட்டுப் பின்பக்கம் புதிதாக வெட்டலாம் என்றான். அதோடு விட்டானா, "புருஷனுக்குன்னு எல்லாரும் கீழ இடம் விடுவாங்க, நீதான் மொத்தத்தையும் அடைச்சுட்டியே, உன் பேரு எங்கய்யா போகும்?" என்று கேட்டான். கல்லைத் திருப்பி நடச் சொல்லிவிட்டேன். அம்மா கேட்ட மெல்லிய எழுத்தில் அவள் பெயர் வரும். கீழே எனக்கு இடம் விடுவதா வேண்டாமா என்பதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ வந்து சொல், அதுவரை ஓலுஃப் காத்திருப்பான். வேண்டாம் என்றாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், எப்போதும் ஒரு குறையும் வராமல் இருங்கள். விமானத்தில் ஸ்வெட்டரைக் கையோடு வைத்துக்கொள், மறந்துவிடாதே. இதைப் படித்த பிறகும் நான் ஸ்டேஷனுக்கு வரலாம் என்றால் ஒரு வரி எழுது. இல்லையென்றால் யெர்டாவை அனுப்புகிறேன்.

தலைகுனிந்து,
உன் அப்பா
தோர்கில்