ரீஸ்டார்ட் செய்யாத சர்வர்

வியாழன் இரவு, அம்பாங்கானில் என் வீடு.

பகாவ் பக்கத்து எஸ்டேட் ஆபீஸின் சர்வர் இன்று காலை முடங்கிவிட்டது. யாரோ வெளியிலிருந்து நுழைந்து கோப்புகளையெல்லாம் பூட்டியிருந்தார்கள். அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர், கணக்கெழுதும் கிரானி லெட்சுமி அக்காவை எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ட இமெயிலயும் தொறந்தா இப்படித்தான் ஆவும்!"

"நா ஒன்னையும் தொறக்கல சார்."

அக்கா சொன்னது உண்மை. சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்வரை இயக்கும் மைய மென்பொருளான கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்திருக்கிறார்கள். அதை அடைக்கும் அப்டேட்டைப் போன மாதம் போட்டவனே நான்தான். ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலை செய்யும். அன்று எடைமேடையில் லாரிகள் காத்திருந்தன; சர்வர் நின்றால் எடை போட முடியாது. அப்புறம் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். ரிப்போர்ட்டில் மட்டும் 'முடிந்தது' என்று எழுதினேன்.

இன்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டு, பேக்கப்பை ஏற்றி, ரீஸ்டார்ட்டும் செய்தேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். அதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைய எல்லார் முன்னாடியுந்தான ஏசினாரு, தம்பி. நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க லா."

சரி என்றேன்.

காலையில் ஆபீஸ் திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். சொல்லப்போவதை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். 'தப்பு என்னுடையது' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.