ஸாரின் மீசையும் பச்சைப் புள்ளியும்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து மழை. எங்கள் பேட்டை பெஹாலா முழுக்கத் தண்ணீர். சந்து முனையில் சாக்கடை மூடி உடைந்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. போன மாதம் அம்மா கால் விட்டது அதில்தான். இன்னும் நொண்டல்.

மேல் வீட்டு யாமினி அதைப் படம் எடுத்து வார்டு புகார் தளத்தில் போட்டிருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாதவள். இப்போது வரைபடத்தில் எங்கள் சந்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. யார் புகார் செய்தது, யார் ஆதரித்தது, ஆபீஸ் என்ன பதில் சொன்னது, எல்லாம் எல்லோரும் பார்க்கலாம். திறந்த தரவாம். எங்கள் சாக்கடையும் திறந்ததுதான், யாரும் பாராட்டவில்லை.

ஆதரவுப் பட்டியலில் முதல் பெயர் அம்மா.

"அந்தப் பொண்ணப் பாரு. நீ பொறந்ததுலேருந்து இந்தச் சந்துலதான் இருக்க. என்னடா பண்ணின?"

பண்ணினேன். கெமிஸ்ட்ரி டியூஷன் ஸார் ஊர்ச் சுவரெல்லாம் தன் முகத்தைப் பெயின்டில் வரைந்து விளம்பரம் செய்திருக்கிறார். எங்கள் முனைச் சுவர் ஸாருக்கு மட்டும் மீசை. பெர்மனென்ட் மார்க்கர், என் கைவண்ணம். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள முடியாத சாதனை.

ஜூலை 6, ஞாயிறு

தூறல். டியூஷன் நோட்ஸ் பாக்கி.

நானும் ஒரு புகார் போட்டேன். 'மேற்படி பள்ளத்தைப் படகுத்துறையாக அறிவித்து ஹவுராவுக்கு லாஞ்ச் விடவும்.' ஆதரவு: ஒன்று. அது நான்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருக்கும் புபாயிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கேட்டான், யாமினி பார்த்தாளா என்று. அவள் 'தாருண்' பெண்ணாம், வங்காளத்தில் பிரமாதம் என்று அர்த்தம். என்னை இதுவரை அவன் எதற்கும் தாருண் என்றதில்லை.

ஜூலை 11, வெள்ளி

புள்ளி பச்சை. 'பணி முடிந்தது.' ஆபீஸ் போட்ட படத்தில் பளபளவென்று புது மூடி, பின்னால் சுவரில் ஸார் முகம். வெளியே போய்ப் பார்த்தால் பள்ளம் பள்ளமாகவே.

யாமினி மறுப்பு எழுதினாள். ஆபீஸ் பதில்: இடம் பொருந்துகிறது, சுவர் விளம்பரமும் அதே, மறுபடி உடைந்திருந்தால் புதுப் புகார் தரவும். அதாவது வரிசையின் கடைசிக்குப் போ.

அவள் தோற்றதில் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் வரை.

அம்மா பால் வாங்கக் கிளம்பினாள். குடை நுனியால் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பள்ளத்தைத் தேடினாள். உள்ளே வந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன்.

ஸாருக்கு மீசை இல்லை.

யாமினியின் பழைய படத்தில் இருக்கிறது. இது வேறு சந்து, வேறு மூடி, வேறு ஸார்.

சொன்னால்: வரைந்தவன் யார் என்று ஸாருக்குத் தெரிந்துவிடும். வலைவீசித் தேடுகிறார்.
சொன்னால்: ஜெயிப்பது யாமினி.
சொல்லாவிட்டால்: அம்மா, குடை.

ஜூலை 12, சனி

எழுதிவிட்டேன், அவள் புகாருக்குக் கீழே, என் பெயரிலேயே. 'இரண்டு படத்திலும் ஸாரின் மேலுதட்டைப் பார்க்கவும். மீசை இன்னும் இங்கேதான் இருக்கிறது. அழியாத மை, எனக்குத் தெரியும்.' இன்றைய படமும் இணைப்பு.

அனுப்பியதும் ஃபோனை அணைத்துவிட்டேன். பேட்டரி மிச்சம் பிடிக்கத்தான்.

ஜூலை 18, வெள்ளி

வெயில். நிஜ மூடி போட்டாயிற்று. அம்மா அதன் மேல் நின்று ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். தளத்தில் புதுப் படம், ஸார் மீசையோடு. கீழே நன்றி, 'புகார்தாரர் செல்வி யாமினி'க்கு. நான் 'மற்றொரு குடிமகன்'. அம்மா மேல் வீட்டுக்குக் கேசரி கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனது நான்.

ஸாரும் படித்துவிட்டார். தண்டனை ஞாயிறு.

ஜூலை 20, ஞாயிறு

தின்னர், துணி, சுவர், நான். மீசை லேசில் போகவில்லை, மூக்குத்தான் போகிறது. புபாய் தூரத்தில் நின்று வேடிக்கை.

யாமினி வந்தாள். மூடி மேல் ஏறி நின்றாள்.

"நீ வரையறப்பவே மாடில இருந்து பாத்தேன். படத்துல மீசை இல்லைன்னும் அன்னைக்கே தெரிஞ்சுது. சொன்னா நீ மாட்டிக்குவேன்னு விட்டுட்டேன்."

இதிலும் முந்திவிட்டாள். நான் தேய்த்தேன்.

"மீசை எடது பக்கம் கோணலா இருக்குது, பாரு."

தள்ளி நின்று பார்த்தேன். கோணல்தான்.